மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை

அன்புள்ள செடிக்காரருக்கு,

புழுக்காரி எழுதுவது. நானும் மகளும் நலம். அவ்விடமும் நலம்தானே என்று கேட்பது முறை. ஆனால் போன வாரம் போனில் நீங்கள் இருமிய இருமலைக் கேட்ட பிறகு அப்படிக் கேட்கக் கை வரவில்லை. கடல் தாண்டிய அந்த ஊர்க் குளிரில் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறீர்களா, இல்லை எனக்கென்ன என்று கிளம்பிவிடுகிறீர்களா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் காகிதத்தைத் தேடப்போகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் 'ம்' கொட்டுகிறீர்கள். சமையலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் என்றாலும் 'ம்'. மகள் கல்லூரியில் முதலாவதாக வந்தாள் என்றாலும் அதே 'ம்'. இப்போது சொல்லப்போகிற விஷயத்துக்கு அந்த 'ம்' எனக்கு வேண்டாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் முடிக்க மாட்டேன். அறையில் ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. அதன் முடிவு தெரிந்த பிறகுதான் உறையை ஒட்டுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை.

உங்கள் பருத்திக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். முதல் சோதனை வருஷம் ஞாபகம் இருக்கிறதா? மண்ணில் இருக்கிற ஒரு நுண்ணுயிரின் மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்து, அந்தச் செடியைக் கடிக்கிற காய்ப்புழு வயிறு வெந்து சாகும்படி செய்துவிட்டதாக நீங்கள் எல்லோரும் ஒரே பேச்சு. ஒரு முழு வயலில் நட்டது என்னவோ நாலு பாத்திதான். அந்த நாலு பாத்திக்கு முள்வேலி, வேலிக்குள் வலை, வாசலில் காவலாளி. உள்ளே போகிறவர்கள் காலைக் கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு போக வேண்டும். "கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காதும்மா"ன்னு தேநீர் நேரத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரிக்காமல் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். கோப்பையும் கையுமாக நீங்கள் நின்றீர்கள். கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். "மாப்பிள்ளைக்கு வரதட்சிணையா என்ன குடுக்கறீங்க?"ன்னு கேட்டீர்கள். "ஆயிரம் புழு"ன்னு சொன்னேன். அதன்பிறகு விதைப் பையில் அச்சடித்த எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்? பழைய இயக்குநரே கூட்டத்தில் ஒருநாள் வாய் தவறி மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்.

அந்த மாப்பிள்ளைக்குத்தான் இப்போது கேடு வந்திருக்கிறது. போன மாதம் மீசைக்காரர் என் அறைக்கு வந்தார். நமக்கு முதல் சோதனைக்கு நிலம் கொடுத்த அதே மீசைக்காரர்தான். மீசை முழுக்க நரைத்துவிட்டது, முறுக்கு மட்டும் குறையவில்லை. தோளில் ஒரு சாக்கு. வணக்கம் சொன்ன கையோடு சாக்கை என் மேஜை மேல் கவிழ்த்தார். பச்சைப் பருத்திக் காய்கள். "உங்க மாப்பிள்ளை கண்டவங்களையும் வீட்டுக்குள்ள விட ஆரம்பிச்சிட்டாரும்மா. வந்து என்னன்னு கேளுங்க"ன்னார். ஒரு காயைப் பிளந்தேன். உள்ளே புழு. இன்னொன்று. அதிலும் புழு. நல்ல வளர்ச்சி, பளபளவென்று தோல், நோய் நொடி ஒன்றும் இல்லை.

முதலில் செடி மேல்தான் சந்தேகப்பட்டேன். யாரோ சாதாரணப் பருத்தியை மாப்பிள்ளை என்று சொல்லி விற்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசையும் பட்டேன். இலையைக் கசக்கிச் சாற்றில் விஷம் காட்டும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தது. மாப்பிள்ளை அசல் மாப்பிள்ளைதான். விஷம் இலையில் இருக்கிறது. புழுவும் இலையைத் தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறது.

அந்தப் புழுக்களை வளர்த்து, அந்துப்பூச்சியாக்கி, முட்டையிட வைத்து, பொரித்த குஞ்சுகளை மாப்பிள்ளை இலையில் விட்டேன். முதல் சோதனையில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன. நான் நம்பவில்லை. என் கையில் ஏதோ தப்பு என்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் இன்று காலைதான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே நாலு வரிசை. அறையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கிற நம் பழைய புழுவுக்குச் சாதாரண இலை, பழைய புழுவுக்கு மாப்பிள்ளை இலை, மீசைக்காரர் புழுவுக்குச் சாதாரண இலை, மீசைக்காரர் புழுவுக்கு மாப்பிள்ளை இலை. கிண்ணத்துக்கு ஒரு புழு. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால் இந்த அறையில் அண்ணன் தம்பியானாலும் தனிக்குடித்தனம்தான் என்று நீங்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். நானும் இப்போது அதையே சொல்கிறேன். உங்கள் அளவுக்கு யாரும் சிரிப்பதில்லை.

இன்றைக்கு இவ்வளவு போதும். தோள் வலிக்கிறது. முடி அளவு குஞ்சைத் தூரிகை நுனியில் தொட்டு எடுத்து வைக்க முன்பு எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்ததில்லை. இப்போது கண்ணாடி போட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைக்கிறேன்.

*

இரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன். கிண்ணங்களைத் திறந்து பார்க்கவில்லை. நீங்கள் வைத்த சட்டம்தானே, இடையில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது என்று. அந்தச் சட்டத்தை நீங்களே மதித்ததில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுச் சமாச்சாரம் சொல்கிறேன். குழாய் சரிசெய்தாகிவிட்டது. சரிசெய்ய வந்தவர் உங்கள் மேஜையில் காய்ந்து கிடந்த பருத்திச் செடிகளைப் பார்த்துவிட்டு, "சார் பூக்கடை வெச்சிருக்காரா?"ன்னு கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். பின்னால் என்னை உட்கார வைத்துக்கொண்டு போனாள். வளைவில் நான் கத்திய கத்தலுக்கு ஆராய்ச்சி நிலையத்துக் காவலாளி வெளியே ஓடிவந்துவிட்டார். அந்துப்பூச்சி என்றால் இன்னும் அவளுக்கு ஆகாது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, தலைய உதறிட்டு வா"ன்னு வாசலிலேயே நிறுத்துகிறாள். செதில் ஒட்டிக்கொண்டு வருமாம். ஒரு பூச்சிக்காரிக்கும் செடிக்காரருக்கும் இப்படி ஒரு பெண்.

உங்கள் அலமாரியைத் துடைக்கும்போது நம் கல்யாணப் படம் கையில் கிடைத்தது. பதிவாளர் அலுவலக வாசலில் எடுத்தது. உங்கள் சட்டைப் பையில் செடிகளில் கட்டுகிற லேபிள் அட்டை எட்டிப் பார்க்கிறது. கல்யாணத்தன்றுகூட அதை வீட்டில் வைத்துவிட்டு வர மனசில்லை. உங்கள் அக்கா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பினோமே, அந்தத் திரும்பி வந்த காலையை நினைத்துக்கொண்டு படத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியை வீட்டில் இறக்காமல் நேரே வயலுக்கு வண்டியை விடச் சொன்னீர்கள். வேலி ஓரத்தில் மீசைக்காரர் புது வேட்டியும் சிரிப்புமாக நின்றார். மாப்பிள்ளைப் பாத்திக்குப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நட்டிருந்தோமே சாதாரணப் பருத்தி, மருந்தே அடிக்காமல் புழுவுக்கென்று விட்டது, அதில் ஒரு புழு இல்லை. மருந்து நாற்றம் மூக்கைத் துளைத்தது. "நீங்க ரெண்டு பேரும் இல்லாத நேரம் பாத்து அந்த வரிசை பூரா புழுங்க. ரோட்டுல போறவன் எல்லாம் இது யாரு வயல்னு கேக்கறான். மனசு கேக்கல. என் செலவுல ரெண்டு தடவ மருந்து அடிச்சிட்டேன். கல்யாணத்துக்கு என்னோட பரிசுன்னு வெச்சுக்குங்க"ன்னார்.

ஒரு பருவத்து உழைப்பு. புழு தின்னும் வரிசை இல்லாமல் தின்னாத வரிசையை எதோடு ஒப்பிடுவது? நான் வாயைத் திறந்து கத்தப் போனேன். நீங்கள் வரப்பில் உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க, இப்படி ஒரு பரிசு யாருக்கும் கிடைச்சிருக்காது"ன்னீர்கள். அந்த மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு உங்களைப் பிடித்துப்போனது அன்றுதான். கல்யாணம் முந்தின வாரமே முடிந்துவிட்டது, அதனால் என்ன, நல்ல வேளை பிடித்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. இன்னும் கொஞ்சநாள் விட்டால் புழு திரும்ப வந்துவிடும், இருப்பதை வைத்து முடித்துவிடலாம் என்று பழைய இயக்குநர் சொன்னார். மேலிடத்திலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த வருஷம் செல்லாது சார். மறுபடியும் மொதல்லேர்ந்து போடணும்"ன்னு சொல்லிவிட்டு வந்தீர்கள். உங்கள் பதவி உயர்வு அதோடு போயிற்று. சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்து விசில் அடித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினீர்கள். சமையலறையில் நின்று நான் அதைக் கேட்டேன். அந்த விசிலைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

மறு வருஷம் முதல் முடிவு வந்த நாளும் நினைவுக்கு வருகிறது. நான் ஒவ்வொரு மூடியாகத் திறக்கிறேன், நீங்கள் கதவோரம் நிற்கிறீர்கள். பழைய புழு மாப்பிள்ளை இலையில் ஒரு கடிதான் கடித்திருக்கிறது. இலையில் ஊசி குத்தினாற்போல் ஒரு ஓட்டை, பக்கத்தில் கறுத்துச் சுருண்ட குஞ்சு. கிண்ணம் கிண்ணமாக அப்படியே. துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷர் குதிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, இழவு வீட்டில் பேசுகிற குரலில், "எல்லாம் போயிடுச்சா?"ன்னு கேட்டீர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எனக்கு என் புழு என்று தெரிந்தவர். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் இருவரும் சிரித்தோம்.

அந்த வருஷம் சோதனை விதிப்படி பறித்த பஞ்சையெல்லாம் எரிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வெள்ளையான பஞ்சை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குழிக்குள் கொட்டி நீங்களே தீ வைத்தீர்கள். கண் சிவந்திருந்தது. கேட்டால் புகை என்றீர்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

*

இன்றைக்கு நல்ல மனநிலையில் எழுதவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புது இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மாதக் கடைசியில் விதைக் கம்பெனிக்காரர்களோடு கையெழுத்தாம். வருகிற பருவத்தில் மாப்பிள்ளை இன்னும் எத்தனையோ வயல்களுக்குப் போகப்போகிறார். விழா, விருந்து, மேடை. மேடையில் பெரிய திரை கட்டி, அதில் நீங்கள் அங்கிருந்தே தோன்றிப் பேசப்போவதாகச் சொன்னார். நீங்கள் சம்மதித்தும் விட்டீர்களாம். எனக்குத் தெரியாதே என்றேன். "வீட்டுக்காரம்மாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரு"ன்னு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மீசைக்காரர் காயைப் பற்றிச் சொன்னேன். முதல் சோதனையில் பிழைத்ததைச் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார், ஏதோ புழு காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. "ரெண்டாவது சோதனை முடியட்டும்மா. முடிஞ்சாலும் கையெழுத்து வரைக்கும் பொறுத்துக்கங்க. அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்"ன்னார். நான் பொறுத்துக்குவேன் சார், புழு பொறுத்துக்காதே என்றேன். "உங்க வீட்டுக்காரர் பேர் போட்ட விதைம்மா அது. நீங்களே இப்படிச் சொன்னா வெளிய என்ன பேசுவாங்க, யோசிச்சீங்களா?"ன்னு கேட்டார். யோசிக்காமலா இருப்பேன். யோசித்து யோசித்துத்தான் தலை பாதி நரைத்துவிட்டது.

இது எப்படி ஆயிற்று என்பதும் எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளை விதையோடு ஒரு சின்னப் பொட்டலம் சாதாரண விதை கொடுக்க வைத்தீர்களே, வயல் ஓரத்தில் புழுவுக்கென்று விதைக்கச் சொல்லி. விஷத்துக்குத் தப்பிய ஒன்றிரண்டு புழு வளர்ந்து பூச்சியானால், ஓரத்தில் சாதுவாக வளர்ந்த பூச்சிகளோடு ஜோடி சேரட்டும், பிறக்கிற குஞ்சு பழையபடி விஷத்துக்குச் சாகிற சாதுவாக இருக்கட்டும் என்று. எத்தனை ஊர் போய், எத்தனை கூட்டத்தில் தொண்டை வற்றச் சொன்னீர்கள். மீசைக்காரரிடம் அந்தப் பொட்டலம் என்ன ஆச்சு என்று கேட்டேன். நெளிந்தார். "எதிரிக்கு எலை போட்டுப் பரிமாறச் சொல்றீங்க. யாரும்மா செய்வாங்க? எங்க பக்கம் ஒருத்தரும் வெதைக்கல"ன்னார். கோபம் வந்தது, ஆனால் பரிசு என்று சொல்லி மருந்தடித்த மனுஷரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? புழு தின்ற செடியைப் பார்த்துச் சும்மா நிற்க அவர்களால் முடியாது. அது அவர்கள் குற்றம் இல்லை. ஓரம் இல்லாமல் போனதும் தப்பியது தப்பியதோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த பருவம் புது ஊர்களில் விதைக்கிறவர்கள் மாப்பிள்ளையை நம்பி மருந்து அடிக்காமல் இருப்பார்கள். வெளியே இலை பச்சையாக இருக்கும், பூ பூக்கும், காய் பிடிக்கும். காய் வெடிக்கும் நேரத்தில்தான் உள்ளே இருப்பது தெரியும். அப்போது யாரிடம் போய்ச் சாக்கைக் கவிழ்ப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இயக்குநர் நினைக்கிறார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

மகள் எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். அப்பாவுக்கு என்றேன். "அப்பா குரல் போன்ல வேற யாரோ மாதிரி இருக்கும்மா. கேள்வி கேட்டா பதில் வருது, ஆனா அப்பா வரல"ன்னாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

*

இன்று மூடிகளைத் திறந்தேன். கிண்ணம் கழுவும் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டேன், தனியாகத் திறக்கத் தைரியம் வரவில்லை.

நம் பழைய புழு சாதாரண இலையைச் சல்லடையாக்கிவிட்டு இன்னும் கேட்கிறது. பழைய புழு மாப்பிள்ளை இலையில் வழக்கம்போல ஒரு கடி, ஒரு கறுப்புச் சுருள். அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உங்கள் செடி மாறவில்லை. முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

மீசைக்காரர் புழு மாப்பிள்ளை இலையில் வளர்ந்திருக்கிறது. இலையே மிச்சமில்லை. சாதாரண இலையில் வளர்ந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, "கொழுகொழுன்னு இருக்குங்கம்மா. யாரு வீட்டுப் புள்ளைங்க இதுங்க?"ன்னு கேட்டாள். சிரிப்பு வந்தது. புழு வளர்க்கிறவளுக்கு இதைவிட நல்ல புழு வாய்க்காது. இவ்வளவு வருஷத்தில் ஒருநாளும் இப்படி வெறுத்ததில்லை என் புழுவை.

மூன்றாவது முறையாகவும் இன்றே வைத்துவிட்டேன். சந்தேகம் இருந்ததால் வைக்கவில்லை. இந்தக் கடிதம் கடல் தாண்டி உங்கள் கைக்கு வர நாளாகும், அதுவரை என் கையும் சும்மா இருக்கக் கூடாது என்றுதான்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நமக்குள் என்ன.

அந்த வெளிநாட்டு வேலைக்கு உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றீர்கள். மகள் படிப்பு முடியட்டும், இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றெல்லாம் சொன்னீர்கள். மூன்றாவது தடவை ஒரே வாரத்தில் சரி என்றுவிட்டீர்கள். நல்ல சம்பளம், நல்ல வாய்ப்பு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நானும் நம்பினேன். மூடிகளைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஒரு சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட நான் வயலுக்கு வந்தேன். நிலையத்து வயலின் தென்கோடியில், மாப்பிள்ளை வரிசையில் நின்றிருந்தீர்கள். கையில் ஒரு காய். கட்டைவிரலால் பிளந்து பார்த்தீர்கள். பார்த்தீர்கள், பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் வரும் சத்தம் கேட்டதும் மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். என்னங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அழுகல்"ன்னீர்கள். அன்று உங்கள் சட்டையை நீங்களே துவைத்துக் காயப்போட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்தறியாத மனுஷர். வெளிநாடு போகப் பழகிக்கொள்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தேன்.

அந்தக் காயில் என்ன இருந்தது என்று நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இப்போது வருகிற கோபம் புழுவுக்காக இல்லை, பருத்திக்காகவும் இல்லை. ஒரு காயைப் பார்த்துவிட்டு அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போனீர்களே, அதற்குத்தான். அங்கே போயும் இறக்கி வைக்கவில்லை என்று உங்கள் 'ம்' சொல்கிறது. தனிக்குடித்தனம் புழுவுக்குச் சரி. நமக்கு எதற்கு?

கையெழுத்துக்கு முன் நான் இயக்குநரிடம் முடிவை எழுதிக் கொடுத்துவிடுவேன். அதில் மாற்றம் இல்லை. நான் கொடுத்தால் பெண்டாட்டி புருஷனைக் காட்டிக்கொடுத்தாள் என்பார்கள். சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். ஆனால் நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அது வேறு. திரையில் பேசச் சம்மதித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் திரை வேண்டாம். நேரில் வாருங்கள். வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள், செடி நல்ல செடிதான், புழு மாறிவிட்டது, இந்த விதையை இப்படியே புது ஊர்களுக்கு அனுப்பாதீர்கள் என்று. ஒரு பருவத்தையே வேண்டாம் என்று தள்ளிவிட்டு விசில் அடித்துக்கொண்டு வந்தவருக்கு இது முடியாததா? பெயர் போகும். போகட்டும். பெயர் இல்லாமலும் நாம் நன்றாகத்தான் இருந்தோம்.

மகளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்துப்பூச்சிக்குப் பயப்படுவாள், அப்பா எதற்கும் பயப்பட மாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு புழுவைப் பார்த்து ஊரை விட்டுப் போனார் உன் அப்பா என்று அவளிடம் என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

இருமலுக்கு மருந்து வாங்கிக் குடியுங்கள். எந்தத் தீங்கும் அண்டாமல், உள்ளும் புறமும் நலமாக, சீக்கிரம் வீடு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அந்தக் காயை என்னிடம் நீட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பயந்தீர்கள்? புழுவை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டு, வாங்க சாப்பிடலாம் என்றிருப்பேன். அவ்வளவுதான். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

என்றும் உங்கள்,
புழுக்காரி